அசல் எங்களுக்கு, நகல் அவர்களுக்கு

போன மாதம் மூன்று மாணவர்கள் என்னைத் தேடிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பவர்கள். நான் அப்போது மச்சானுடைய வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வரை மணல். "கேணலுடைய வாழ்க்கை வரலாற்றுக்கு ஆவணம் சேகரித்தவர் நீங்கதானா?" என்று ஒரு பிள்ளை சந்தேகத்தோடு கேட்டாள். ஓம் என்றேன். அந்தப் புத்தகத்துக்காகப் பேராசிரியர் திரட்டிய காகிதங்கள் இப்போது கொழும்பில் ஒரு நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஊர்ச் சனம் இத்தனை அசல் ஆவணங்களை நம்பிக் கையில் கொடுத்தது எப்படி, அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, தங்கள் துறைச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தருவீர்களா என்று கேட்டார்கள்.

முறை இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்த கட்டுரை இதுவாக இருக்காது.

ஒன்பது வருடம் அந்த வேலையில் இருந்தேன். முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றேன். சிரிக்க வேண்டாம். இந்தத் தொழிலை இனித் தொடமாட்டேன் என்று விட்டுவிட்டு வந்தவன் ஓய்வு பெற்றவன்தான். பென்ஷன் மட்டும்தான் இல்லை.

என் வாப்பா புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வீடு கனமூலையில். பல்கலைக்கழகம், வரலாற்றில் பட்டம், அதற்குப் பிறகு வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலம், இதெல்லாம் பலருக்கும் நடந்த கதை, நீட்டத் தேவையில்லை. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் புத்தளம் வாவிப் பக்கம் வீடெடுத்து ஒரு பெரிய புத்தகம் எழுதுகிறார், தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த உதவியாளர் ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். என் சான்றிதழ்களை அவர் பார்க்கவில்லை. ஒரு பழைய கடிதத்தைத் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நாளைக்கு வாங்க" என்றார்.

புத்தகம் ஒரு படை அதிகாரியைப் பற்றியது. யுத்த காலத்தில் இந்தக் கரையோரத்தில் சில வருடங்கள் கட்டளை அதிகாரியாக இருந்தவர். கேணல் என்றே எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவர் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகள் கொழும்பில் இருந்தார். தகப்பனின் நாட்குறிப்புகள், கடிதங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் இரண்டு இரும்புப் பெட்டிகளில் பேராசிரியரிடம் ஒப்படைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: அச்சுக்குப் போக முன்னர் கையெழுத்துப் பிரதியை அவர் வாசிக்க வேண்டும். அந்த நிபந்தனை அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. மகள்தானே, வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

பேராசிரியர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் 'மிஸ்டர்' என்று சொல்லி என் முழுப் பெயரையும் சொல்வார். காலையில் எட்டு மணிக்கு மேசையில் பால் விடாத பிளேன்ரீ இருக்க வேண்டும். அதில் ஒரு வாய் குடிக்கும் வரைக்கும் யாரும் பேசக் கூடாது. ஒரு தகவலுக்கு ஒரு அட்டை. காகிதத்தில் இருந்து வந்த தகவல் என்றால் வெள்ளை அட்டை, ஆள் வாயில் இருந்து வந்தது என்றால் மஞ்சள். பென்சில் மட்டும். பிழை விட்டால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் திருத்த வேண்டும். "நீ முதல்ல என்ன பிழை விட்டாய் எண்டு பிறகு வாறவனுக்குத் தெரியோணும்" என்பார். துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பியைக் காகிதத்தில் இருந்து எப்படிக் கழற்றுவது என்று ஒரு முழுக் காலை செலவழித்துக் காட்டினார். மெல்லிய தகட்டை இடையில் நுழைத்து, கம்பியின் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, இழுக்காமல் காகிதத்தைக் கவிழ்த்து அது தானாக விழ விட வேண்டும். நான் செய்தபோது கிழிந்தது. "காகிதத்துக்கு நோகும் எண்டு நினைச்சிச் செய்" என்றார்.

காகிதத்துக்கு நோகும் என்று சொன்ன மனிதர் அவர். அதை மறக்காமல் இதற்கு மேல் வாசியுங்கள்.

இனி, அந்த மாணவர்கள் கேட்ட இரகசியம்.

நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் பேராசிரியர் எதையும் கேட்க மாட்டார். தருகின்ற தேத்தண்ணியைக் குடிப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். கதை யுத்த காலத்துக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் தானாகவே எழும்பி அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வருவார். அதற்குள் இருக்கும் பழைய கடிதத்தையோ, அடையாள அட்டையையோ, படம் ஒன்றையோ பேராசிரியர் இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் கறையான் அரித்த இடத்தைச் சுண்டுவிரலால் காட்டுவார். "இந்த உப்புக் காத்தில இது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?" என்பார். பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த மௌனம்தான் முறை. அது நீளும். வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் அவர்களே சொல்வார்கள்: "சேர், நீங்களே கொண்டு போய்ப் பத்திரமா வைங்க." அவர் உடனே வாங்க மாட்டார், ஒரு தடவை மறுப்பார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் மோட்டார் சைக்கிளில் பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய் போட்டோக்கொப்பி எடுத்து வருவேன். நகலை வீட்டுக்காரரிடம் கொடுப்போம். அசல் எங்கள் உறைக்குள் போகும். இலக்கம் போட்டு எழுதுவேன். கற்பிட்டியில் இருந்து வண்ணாத்திவில்லு வரைக்கும் எத்தனை வீடுகள்! எல்லா வீட்டிலும் அசல் எங்களுக்கு, நகல் அவர்களுக்கு.

வாப்பாவிடம் ஒருநாள் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிற மனிதர்.

"காயிதத்த ஆருக்கும் காட்டலாம் மகன், கைய விட்டுக் குடுக்கப்படாது" என்றார்.

"வாப்பா, இது ஆராய்ச்சி. உங்களுக்கு வெளங்காது" என்றேன்.

"வெளங்காதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் படிப்புத் தலைக்கேறியிருந்த காலம் அது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் பிலோமினா அக்காவின் வீட்டுக்குப் போனோம். கற்பிட்டிக் கரையில் கத்தோலிக்க மீனவக் குடும்பம். அவருடைய கணவர் யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. கேணலின் நாட்குறிப்பில் அதே நாளுக்கு ஒரு குறிப்பு இருந்தது: தடை செய்த கடற்பகுதியில் நின்ற படகொன்று சுடப்பட்டு மூழ்கியது. அந்தப் பக்கத்தில் யாராவது எதையாவது கண்டார்களா என்று விசாரிக்கத்தான் போனோம்.

பிலோமினா அக்கா கருவாட்டு வாடியில், மீன் காயப்போடும் கொட்டிலில், வேலை முடித்து வந்து கைகூடக் கழுவாமல் உட்கார்ந்தார். பேராசிரியருக்குக் கதிரையைத் தள்ளிக் கொடுத்தார்.

"மணக்குதெண்டா கொஞ்சம் தள்ளி இருங்க ஐயா. இதுதான் எங்கட சென்ற்" என்றார். பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் காலத்தில் கடலுக்குப் போக அனுமதி அட்டை வேண்டும். பாஸ் என்று சொல்வார்கள். வயது குறைந்தவர்களுக்கு ஒரு விஷயம் விளக்க வேண்டும்: பாஸைக் கடலுக்குக் கொண்டு போவதில்லை. கரையில் இருக்கிற சென்றியில், அதாவது படையினரின் காவலரணில், அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் அன்றைய திகதி முத்திரையைக் குத்தி, போன நேரத்தை எழுதி, கையெழுத்து வைத்து வாங்கி வைப்பார்கள். திரும்பி வந்தால் மீன் கூடையைக் காட்டிவிட்டு அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

"பின்னேரம் வரைக்கும் சென்றிக்கு முன்னால நிண்டன்" என்றார் பிலோமினா அக்கா. "அடுத்த நாளும் நிண்டன். மூண்டாம் நாள் ஒரு ஆமிப் பொடியன், மீசை கூட முளைக்கல்ல, வந்து பாஸை என்ட கையில தந்தான். ஒண்டும் கதைக்கல்ல. என்ட முகத்தப் பாக்கவும் இல்ல. ஆளக் குடுத்தம், அட்டையத் தந்தாங்க. அவ்வளவுதான் ஐயா கதை."

பொலித்தீன் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். முன்பக்கத்தில் படம், பெயர், ஊர். பின்பக்கத்தில் ஊதா நிறத்தில் முத்திரை, நேரம், ஒரு கிறுக்கல் கையெழுத்து. பேராசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த உப்புக் காத்தில இது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?"

மௌனம். பிலோமினா அக்கா மற்றவர்களைவிட அதிக நேரம் தாங்கினார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. குடுத்தாப் பிழையில்லையே?"

"பிழையில்லக்கா. எங்களிட்ட பத்திரமா இருக்கும்" என்றேன்.

சொன்னது பேராசிரியர் இல்லை. நான்தான்.

கொம்யூனிகேஷன் கடையில் அன்று மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கடைக்காரன் அவசரப்படுத்தினான். அட்டையைக் கண்ணாடியில் வைத்து முன்பக்கத்தை எடுத்தேன். படம் தெளிவாக விழுந்தது. மனைவிக்கு என்ன வேண்டும், கணவரின் முகம்தானே என்று நினைத்தேன். பின்பக்கத்தை எடுக்கவில்லை. ஒரு முத்திரையும் ஒரு கிறுக்கலும்தானே என்று நினைத்தேன். வரலாற்றில் பட்டம் பெற்றவன் நினைத்தது இது. நகலின் வெறும் பின்பக்கத்தில் என் தொலைபேசி இலக்கத்தை எழுதி, ஏதாவது தேவையென்றால் எடுங்க அக்கா என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை மஞ்சள் அட்டைகள் எழுதினேன். 'கணவர் பாஸைச் சென்றியில் ஒப்படைத்த பின்னரே கடலுக்குப் போனார்' என்று ஒரு அட்டை. 'வள்ளம் அந்தக் கடற்பகுதிக்குப் போவது வழக்கம்' என்று இன்னொரு அட்டை. பாஸுக்கு உறை போட்டு, 'பின்பக்கம் முத்திரை, நேரம், ஒப்பம்' என்று உறையின் மேல் பென்சிலால் எழுதினேன். பேராசிரியர் பார்த்துவிட்டு "நல்ல குறிப்பு, தம்பி" என்றார்.

நான்கு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் எனக்கு முதல் வரிசையில் இடம். நன்றியுரையில் என் பெயர் இருந்தது. உம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவி, இது எந்த எழுத்து, இது எந்த எழுத்து என்று கேட்டார். அன்று நான் வாழ்க்கையில் எதையோ சாதித்துவிட்டேன் என்று நம்பினேன்.

அடுத்த நாள் உட்கார்ந்து வாசித்தேன். கேணலுடைய கரையோரக் காலம் பற்றிய அத்தியாயத்தில் அந்த வரி இருந்தது. அன்று விடியற்காலை அனுமதியின்றிக் கடலில் நின்ற படகொன்று அழிக்கப்பட்டது. கேணலின் கண்டிப்பால் அந்தக் கரையில் பொதுமக்கள் எவருக்கும் தீங்கு நேரவில்லை. வரியின் முடிவில் ஒரு சிறிய இலக்கம். அடிக்குறிப்பில் இரண்டு ஆதாரங்கள். ஒன்று கேணலின் நாட்குறிப்பு. மற்றது 'பிலோமினாவுடனான நேர்காணல், கற்பிட்டி'.

அடிக்குறிப்பைத் திரும்ப வாசித்தேன். அவருடைய கணவர் அனுமதியோடு போனார் என்று சொன்ன வாயையே, அனுமதியின்றிப் போனார் என்பதற்குச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள்.

புத்தகத்தோடு பேராசிரியரிடம் போனேன். பிளேன்ரீயைக் குடிக்க முன்னரே பேசினேன். அது முதல் தடவை.

"சேர், அந்த அக்கா இப்பிடிச் சொல்லல்லையே."

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "படகு அந்த இடத்தில போறது வழக்கம் எண்டு சொன்னாதானே? உங்கட அட்டையிலதான் இருக்கு."

"மற்ற அட்டையும் இருக்கே சேர். பாஸ் இருக்கே. நீங்களே பாத்தீங்க."

"அடிக்குறிப்பு படகு நிண்ட இடத்துக்கு."

"அனுமதியின்றி எண்ட சொல்லும் அதே வசனத்துக்குள்ளதானே இருக்கு?"

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "மிஸ்டர்" என்று தொடங்கி என் முழுப் பெயரையும் சொன்னார். "வாசகர் அவ்வளவு நுணுக்கமா வாசிக்க மாட்டார்."

எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அவர் அதைச் சொன்னபோது வெட்கப்பட்டாரா என்று. இல்லை. ஒரு தொழில்முறை ஆலோசனை மாதிரித்தான் சொன்னார். கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் முதலில் வேறு வசனம் இருந்தது: அந்தப் படகு அனுமதி பெற்றுச் சென்றதாக ஒரு மீனவக் குடும்பம் கூறுகிறது. ஓரத்தில் கேணலின் மகள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவ்வளவுதான். வெட்டு என்று அவர் எழுதவில்லை, மிரட்டவில்லை. ஒரு கேள்விக்குறிக்குப் பேராசிரியர் வசனத்தையே மாற்றிவிட்டார். மகளோடு எனக்குக் கோபம் இல்லை. தகப்பனைப் பற்றி மகளுக்குக் கேள்வி வரும். பதில் எங்கள் உறைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டுவதுதானே நமது வேலை?

கேணல் தெரிந்து செய்தாரா, தெரியாமல் நடந்ததா, அந்தப் படகு வேறு படகா? எனக்குத் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே அட்டையை நாங்கள் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தெரிந்த மாதிரி எழுதினோம். என் கோபம் அதுதான்.

அன்றே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மனிதர்கள் கோபத்தை எப்படி மென்று விழுங்குவார்கள் என்று பிறகு வந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். வீட்டில் வேறு சம்பளம் இல்லை என்று எனக்கே சாக்குச் சொன்னேன். பேராசிரியர் காகிதங்கள் முழுவதையும் நூலகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தபோது பட்டியல் தயாரித்தது நான். ஒவ்வொரு பெட்டி, ஒவ்வொரு உறை. பிலோமினா அக்காவின் பாஸுக்கு வந்தபோது, திருப்பிக் கொடுப்போமே சேர் என்று கேட்டேன். "ஒண்டு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். பட்டியலில் எழுதினேன்: 'கடற்றொழில் அனுமதி அட்டை, ஒன்று, அசல்.' லொறி ஏற்றி அனுப்பியதற்கு அடுத்த வாரம் வேலையை விட்டேன். வீரம் இல்லை, எல்லாம் முடிந்த பிறகு விட்டது.

போன வருடம் ஒருநாள் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நான் பிலோமினா. கருவாட்டு மணம். நினைவிருக்கா?"

காணாமல் போனவர்கள் பற்றி விசாரிக்கிற ஒரு குழு அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. முதல் அமர்வில் நகலைக் காட்டியிருக்கிறார். அன்று கடலுக்கு அனுமதியோடு போனார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். பின்னால் முத்திரை இருக்கு என்று திருப்பிக் காட்டியிருக்கிறார். பின்னால் என் தொலைபேசி இலக்கம் இருந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. நானும் சேந்து சிரிச்சன். என்ன செய்ய?" என்றார். பிறகு குரல் மாறியது. "அவர்ர பாஸ் எனக்கு வேணும். அடுத்த அமர்வு கிட்டத்தில. அசலில்லாட்டி பைலை மூடிப்போடுவாங்களாம்."

கொழும்புக்குக் காலை பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர் என்னைச் சீண்டிக்கொண்டே வந்தார். "உங்கட புத்தகத்தில நான் எத்தினையாம் பக்கம் தம்பி?" என்று கேட்டார். அடிக்குறிப்பைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. மதுரங்குளி தாண்டியதும் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். சிலாபம் வரும் வரைக்கும் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு 'நீங்க' என்று என்னை அழைக்கவில்லை.

"அந்த ஆளுக்கு நான் கதிரை போட்டுக் குடுத்தன்டா" என்றார்.

நூலகத்தில் வாசகர் படிவம் தந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிறுவனம், ஆய்வின் நோக்கம்.

"நிறுவனம் எண்டா?"

"எங்க வேலை செய்றீங்க எண்டு, அக்கா."

"கருவாட்டு வாடி எண்டு எழுது. நோக்கம் என்னத்துக்குக் கேக்கிறாங்க? புருசன்ட பாஸை எடுக்க வந்த எண்டு எழுது."

நான் 'பார்வையிடல்' என்று எழுதினேன். அந்த நிமிடமும் எனக்குப் பயம்.

நூலகர் நடுத்தர வயதுப் பெண். பட்டியலைப் பார்த்து நேராகப் போய் உறையை எடுத்து வந்தார். பட்டியல் அவ்வளவு நன்றாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. பாஸை மெத்தையிட்ட பலகையில் வைத்தார். தொடுவதென்றால் கையுறை போட வேண்டும் என்று வெள்ளைக் கையுறையை நீட்டினார். பிலோமினா அக்கா தன் கைகளைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெறும் விரலால் அட்டையை எடுத்துத் திருப்பினார். ஊதா முத்திரை அப்படியே இருந்தது.

"இத நான் கொண்டு போறன்" என்றார்.

"அம்மா, இங்க இருக்கிறதை வெளியில கொண்டு போக ஏலாது."

"உள்ள கொண்டு வந்தது ஆரு?"

நூலகர் என்னைப் பார்த்தார். நான்தான் கொண்டு வந்தேன், அது இவருடையது, தருகிறேன் என்று எங்கேயும் இவர் கையெழுத்து வைக்கவில்லை என்று சொன்னேன். ஒப்படைத்தவரின் சம்மதம் வேண்டும் என்று நூலகர் பேராசிரியருக்கு அழைப்பு எடுத்து, என் கையில் தந்தார்.

பேராசிரியரின் குரல் தளர்ந்திருந்தது. கோபப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். "நல்ல கொப்பி ஒண்டு எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க மிஸ்டர்" என்றார். "ரெண்டு பக்கமும். கலர்ல."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பிலோமினா அக்காதான் தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

"ஐயா, கலர்க் கொப்பிய நீங்க வச்சிக்கங்க" என்றார்.

மறுபக்கத்தில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நூலகர் பாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து இரண்டு பக்கத்தினதும் நகலை எங்கள் முன்னால் உறைக்குள் வைத்தார். அசலை மேசையில் வைத்தார். "நான் சாப்பிடப் போறன். அரை மணித்தியாலம் ஆகும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். வேலை போகலாம் என்று தெரிந்தும் போனார். நான் ஒன்பது வருடம் செய்யாததை அந்த மனுஷி ஒரு மதிய நேரத்தில் செய்தார். பிலோமினா அக்கா அட்டையை மடியில் செருகிக்கொண்டு எழும்பினார்.

நூலகத்தில் இருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது, அசலொன்று காணவில்லை, விளக்கம் தரவும் என்று. இந்தக் கட்டுரைதான் விளக்கம். அசலை எடுத்துச் செல்லும்போது பக்கத்தில் நின்றவன் நான். தண்டனை இருந்தால் என் பெயருக்கு வரட்டும். அதோடு, அந்தப் பெட்டிகளில் வேறு குடும்பங்களின் அசல்களும் இருக்கின்றன. எந்த உறை எந்த வீட்டுக்குரியது என்று எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கிவிட்டேன். என்னிடம் வந்த மாணவர்களே, நீங்கள் ஒரு வீட்டு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தால் படத்தை உங்கள் தொலைபேசியில் எடுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள். பையை மூடி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு எழும்பி வாருங்கள். இதற்கு மேல் முறை எதுவும் இல்லை.

அடுத்த அமர்வு புத்தளத்தில், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, பக்கத்து மண்டபத்தில் நடந்தது. பிலோமினா அக்கா என்னையும் வரச் சொன்னார். விசாரணை அதிகாரி வயதானவர், தமிழ் நன்றாகப் பேசினார். பாஸை வாங்கி முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். முத்திரையை, நேரத்தை, கையெழுத்தை ஒவ்வொன்றாகத் தன் பதிவில் எழுதினார். எழுதி முடிய நேரமெடுத்தது. பிறகு பேனாவை வைத்தார்.

"இவ்வளவு முக்கியமான சாட்சி அம்மா. இத்தனை வருஷமும் இது எங்க இருந்தது?"

"பத்திரமா வைக்கிறம் எண்டு படிச்ச பிள்ளையள் வாங்கிட்டுப் போனாங்க ஐயா" என்றார் பிலோமினா அக்கா.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கைகாட்டவும் இல்லை. அதிகாரி அதையும் எழுதினார். எழுதிவிட்டு, வாங்கிச் சென்றவரின் பெயர் தெரியுமா என்று கேட்டார்.

பிலோமினா அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் கதிரையில் இருந்து எழும்பினேன். என் பெயரை, வாப்பாவின் பெயரோடு சேர்த்து, அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் மெதுவாகச் சொன்னேன்.